சென்சார் போர்டு மக்கர் பண்ணுதா? மல்டிகாப்டருக்கு சொந்தமா போர்டு வரையறவங்களுக்கு, அறிகுறி வாரியா

ட்ரோனுக்கு சொந்தமா சென்சார் போர்டு வரைஞ்சு, பார்ட்ஸ் எல்லாம் சால்டர் பண்ணி, ஃப்ளைட் கன்ட்ரோலர்ல (ட்ரோனை ஓட்டற கம்ப்யூட்டர்ல) மாட்டினதும் முதல் தடவையே ஒழுங்கா ஓடிட்டா அதிர்ஷ்டம் தான். ஓடலைன்னதும் நிறைய பேர் உடனே புரோகிராம் கோடைக் கிண்ட ஆரம்பிச்சிடறாங்க, இல்லன்னா ஹாட் ஏர் எடுத்து சிப்பை மறுபடி மறுபடி சூடாக்கறாங்க. ரெண்டுமே கடைசியா பண்ண வேண்டியது. சிப் தானா செத்துப் போறது அபூர்வம். பவர், கிரவுண்ட், சிப்பை வச்ச இடம், இந்த மூணுல தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும், மூணையும் மீட்டர் வச்சே கண்டுபிடிச்சிடலாம்.

கீழ சொல்றது எல்லாம் இந்த மாதிரி போர்டை மனசுல வச்சு: 5 வோல்ட் உள்ள வருது, ஒரு சின்ன ரெகுலேட்டர் 3.3 ஆக்குது, எம்பியு-6050 மாதிரி ஒரு ஜைரோ-ஆக்சில் (சுழற்சியையும் முடுக்கத்தையும் அளக்கறது), எம்எஸ்5611 மாதிரி ஒரு பாரோமீட்டர் (காத்தழுத்தத்தை வச்சு உயரம் சொல்றது), எச்எம்சி5883எல் மாதிரி ஒரு காம்பஸ், எல்லாம் ஒரே ஐ2சி பஸ்ல (ரெண்டு லைன்ல பல சிப் பேசற இணைப்பு). இதெல்லாம் பழைய சிப் தான், ஆனா கையில இருக்கற பழைய போர்டுகள் நிறைய இது தான், புது சிப்புக்கும் சோதிக்கற முறை கிட்டத்தட்ட இதே தான். மல்டிமீட்டர் கட்டாயம் வேணும், ஒரு சாதா லாஜிக் அனலைசர் இருந்தா நல்லது, ஸ்கோப் இருந்தா ராஜா. இன்னொண்ணு, சோதனை முடியற வரைக்கும் ப்ரொப்பல்லரைக் கழட்டி வச்சிடுங்க. தனியா சொல்ற இடத்துல மட்டும் மாட்டினா போதும்.

பவர் கொடுத்ததும் ரெகுலேட்டர் சுடுது

உடனே பவரை எடுங்க. 3.3 லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க. கெபாசிட்டர் சார்ஜ் ஆகறதால முதல்ல கம்மியா காட்டி மெதுவா ஏறும், அது சரி தான். ஏறாம சில ஓம்லயே நின்னுடுச்சுன்னா ஷார்ட் இருக்கு. உண்மையில புது போர்டுக்கு பவர் கொடுக்கறதுக்கு முன்னாடியே இதைப் பார்த்துடணும், அப்புறம் கரன்ட் லிமிட் 50 மில்லி ஆம்ப்ல வச்ச பவர் சப்ளைல தான் முதல் தடவை ஏத்தணும்.

எவ்வளவு கரன்ட் சரின்னு கேட்டா, எம்பியு-6050 முழுசா ஓடும்போது 4 மில்லி ஆம்ப் கிட்ட இழுக்கும், பாரோவும் காம்பஸும் அதைவிட கம்மி, அப்ப ஒரு எல்இடியையும் சேர்த்தா மொத்தம் 15 தாண்டக் கூடாது. 100, 150ன்னு போச்சுன்னா ஷார்ட் இருக்கு, அல்லது சிப் திரும்பி உக்காந்திருக்கு. க்யூஎஃப்என் (கால் வெளிய நீட்டாத சதுர) சிப்ல நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால 90 டிகிரி தப்பா வைக்கறது ரொம்ப சுலபம், புள்ளி எந்த மூலைல இருக்குன்னு லென்ஸ் வச்சு பாருங்க. அதைவிட மோசமானது ஃபுட்பிரின்டே (போர்டுல சிப் உக்கார்ற பேட் அமைப்பு) கண்ணாடில பார்த்த மாதிரி தலைகீழா வரைஞ்சிருக்கறது, டேட்டாஷீட்ல அடிப்பக்கத்துல இருந்து பார்த்த படத்தைப் பார்த்து வரைஞ்சா இப்படி ஆகும், இதுக்கு வைத்தியம் கிடையாது, போர்டை திரும்ப வரைய வேண்டியது தான்.

ஷார்ட் எங்கன்னு தெரியலைன்னா போர்டு மேல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் லேசா தடவிட்டு கரன்ட் லிமிட்டோட பவர் கொடுங்க, எங்க முதல்ல காயுதோ அங்க தான் சூடு.

ஸ்கேனர்ல எந்த சென்சாரும் தெரியல, இல்ல ஒண்ணு மட்டும் காணோம்

அதிகமா வர்ற கம்ப்ளெயின்ட் இது தான். (ஸ்கேனர்னா எந்த அட்ரஸ்ல சிப் பதில் சொல்லுதுன்னு தேடற சின்ன புரோகிராம்.) எஸ்டிஏ (டேட்டா லைன்), எஸ்சிஎல் (க்ளாக் லைன்) ரெண்டையும் சும்மா இருக்கும்போது மீட்டர்ல பாருங்க. ரெண்டும் 3.3 கிட்ட இருக்கணும். ரெண்டும் 0ன்னா புல்-அப் ரெசிஸ்டர் (லைனை 3.3 வோல்ட்டோட கட்டற ரெசிஸ்டர்) போடலை, அல்லது போட்டதுக்கு பவர் வரலை. ஒண்ணு மட்டும் 0ன்னா அந்த லைன் கிரவுண்டுல ஒட்டியிருக்கு, அல்லது ஏதோ ஒரு சிப் பிடிச்சு இழுத்து வச்சிருக்கு. 4 வோல்ட்டுக்கு மேல காட்டினா வேற எங்கயோ 5 வோல்ட்டுக்கு புல்-அப் போயிருக்கு, ஃப்ளைட் கன்ட்ரோலர் பக்கம் 5 வோல்ட் ஏவிஆர் சிப்னா இது சர்வ சாதாரணம், நடுவுல பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட் போட்டு லெவல் மாத்துங்க, அப்படியே விட்டா சிப் கொஞ்ச நாள் ஓடற மாதிரி தான் இருக்கும்.

வோல்டேஜ் எல்லாம் சரி, ஆனா ஒரு சிப் மட்டும் தெரியலையா? அட்ரஸை சரி பாருங்க. எம்பியு-6050ல ஏடி0 பின் கிரவுண்டுல இருந்தா ஹெக்ஸ் 68, மேல (3.3 வோல்ட்டுல) இருந்தா 69, எங்கயும் இணைக்காம அந்தரத்துல விட்டா இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு. சில பேர் எழுதின கோட்ல டி0ன்னு இருக்கும், அதும் அதே 68 தான், ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி எழுதினது. எம்எஸ்5611ல பிஎஸ் பின் மேல இருந்தா தான் ஐ2சி, கீழ (கிரவுண்டுல) இருந்தா எஸ்பிஐ (ஐ2சி மாதிரி இன்னொரு வகை இணைப்பு), சிஎஸ்பி பின் மேல இருந்தா அட்ரஸ் 76, கீழ இருந்தா 77, தலைகீழா இருக்கறதால நிறைய பேர் இங்க குழம்பறாங்க. பிஎம்பி280 போட்டிருந்தா சிஎஸ்பியை நேரா சப்ளையோட கட்டிடுங்க, அது ஒரு கணம் கீழ போனாலும் சிப் எஸ்பிஐக்கு மாறிடும், மறுபடி பவர் எடுத்துக் கொடுக்கற வரைக்கும் ஐ2சிக்கு வாயே திறக்காது.

எம்பியு-6050க்கு விலாஜிக்னு தனியா ஒரு பின் உண்டு. விடிடி மட்டும் கொடுத்துட்டு இதை மறந்தா சிப் உயிரோட இருந்தும் பதில் சொல்லாது. ரெக்-அவுட் பின்னுக்கு 0.1 மைக்ரோ ஃபாராட், சிபி-அவுட் பின்னுக்கு 2.2 நானோ ஃபாராட் போட்டிருக்கான்னும் பாருங்க. சிபி-அவுட்ல இருக்கறது உள்ளுக்குள்ள சார்ஜ் பம்ப், அங்க வோல்டேஜ் சப்ளையைவிட ரொம்ப மேல போகும், அதனால தான் 50 வோல்ட் ரகம் கேக்கறாங்க, கையில கிடைச்ச 6.3 வோல்ட்டைப் போடாதீங்க.

காம்பஸ் மட்டும் காணோம்னா ரெண்டு காரணம் முன்னாடி வந்து நிக்கும். ஒண்ணு, காம்பஸை எம்பியு-6050யோட துணை ஐ2சி பின்ல மாட்டியிருப்பீங்க, நிறைய ரெடிமேட் போர்டும் அப்படித் தான், எம்பியுல பைபாஸ் பிட்டை ஆன் பண்ணாத வரைக்கும் அது மெயின் பஸ்ல தெரியாது. ஹெக்ஸ் 37 ரெஜிஸ்டர்ல இருக்கு அந்த பிட், கூடவே எம்பியுயோட மாஸ்டர் மோடை ஆஃப் பண்ணனும். ரெண்டாவது, எச்எம்சின்னு வாங்கினது க்யூஎம்சியா இருக்கும். எச்எம்சி5883எல் அட்ரஸ் 1ஈ, க்யூஎம்சி5883எல் அட்ரஸ் 0டி. ரெஜிஸ்டர் அமைப்பே வேற, டிரைவரும் வேற, ஸ்கேனர்ல 0டி தெரிஞ்சா சால்டரிங்ல தப்பில்லை, டிரைவரை மாத்துங்க.

இதெல்லாம் பார்த்த பிறகும் தெரியலைன்னா தான் சால்டரை சந்தேகப்படணும். மீட்டரை டயோட் மோடுல வச்சு, சிவப்பு ப்ரோபை கிரவுண்டுலயும் கறுப்பை டிராக்லயும் வைங்க. பின் நல்லா ஒட்டியிருந்தா சிப் உள்ள இருக்கற பாதுகாப்பு டயோட் 0.5, 0.6 மாதிரி காட்டும், ஒட்டலைன்னா ஓபன். பல சிப் ஒரே பஸ்ல இருந்தா இது உதவாது, ஏடி0, இன்டரப்ட் மாதிரி தனிப் பின்ல மட்டும் பண்ணலாம்.

ஐடி சரியா வருது, ரீடிங் எல்லாம் 0

எம்பியு-6050 பவர் வந்ததும் தூக்கத்துல தான் இருக்கும். ஹெக்ஸ் 6பி ரெஜிஸ்டர்ல 40னு இருக்கும், அதுல 0 எழுதணும். எச்எம்சிக்கும் தொடர்ந்து அளக்கச் சொல்லி மோட் எழுதணும். எம்எஸ்5611ல அளவெடுக்கச் சொல்லிட்டு அவசரப்பட்டு படிச்சா 0 தான் வரும், உச்ச ரெசல்யூஷன்ல 9.04 மில்லி செகண்ட் வரைக்கும் ஆகும், 10 காத்திருங்க.

எச்எம்சில 0க்கு பதிலா -4096 நிக்குதுன்னா அளவு எல்லை தாண்டிருச்சுன்னு அர்த்தம், கிட்டயே காந்தம் இருக்கு, பஸ்ஸர் உள்ள கூட காந்தம் இருக்கும். அப்புறம் அந்த சிப் எக்ஸ், இசட், ஒய்ங்கற வரிசைல தான் டேட்டா கொடுக்கும். வழக்கம்போல எக்ஸ், ஒய், இசட்னு படிச்சா காம்பஸ் ஓடற மாதிரியே இருக்கும், திசை மட்டும் உளறும்.

டேபிள்ல சூப்பர், மோட்டார் சுத்தினதும் உறைஞ்சு போகுது

பறக்கும்போது வந்தா நேரா தரைக்கு வந்துடும், அதனால ஆபத்தான அறிகுறி இது தான். கொஞ்சம் பொறுமையா பார்ப்போம். பீட்டாஃப்ளைட் மாதிரி ஃபர்ம்வேர்ல ஸ்டேட்டஸ் கமாண்டுல ஐ2சி எரர் எண்ணிக்கை காட்டும். மோட்டார் சுத்தாதப்போ 0, சுத்தினா ஏறுதுன்னா பஸ்ஸையும் பவரையும் பாருங்க, கோடை விட்டுடுங்க.

முதல்ல பவர். 5 வோல்ட் இஎஸ்சியோட (மோட்டார் வேகத்தை மாத்தற சர்க்யூட்டோட) பிஇசில (அதுக்குள்ள இருக்கற 5 வோல்ட் சப்ளைல) இருந்து வருதுன்னா த்ராட்டில் ஏத்தும்போது அது 4.4க்கு கீழ இறங்குதான்னு ஸ்கோப்ல பாருங்க, மீட்டர் சராசரி தான் காட்டும், சின்ன சரிவு அதுல தெரியாது. ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு உள்ள வர்ற வோல்டேஜ் வெளிய போறதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல அதிகமா இருக்கணும், அதனால 5ல இருந்து 3.3க்கு அது விளிம்புல நிக்கற ரெகுலேட்டர். எங்கயும் கிடைக்குதுன்னு எல்லாரும் போடறாங்க, சென்சார் போர்டுக்கு அது எனக்குப் பிடிக்காது. எம்ஐசி5205 மாதிரி 150 மில்லி ஆம்புக்கு 0.2 வோல்ட்டுக்குள்ள முடிச்சுக்கற ரகம் போடுங்க, நாய்ஸும் கம்மி. ஏஎம்எஸ்1117 தான் இருக்குன்னா அவுட்புட்ல 22 மைக்ரோ ஃபாராட் டான்டலம் போடுங்க, வெறும் சின்ன செராமிக் மட்டும் இருந்தா அவுட்புட் வோல்டேஜ் ஆடும், அந்த ஆட்டம் ஜைரோ ரீடிங்ல நாய்ஸா வரும். செராமிக்லயும் ஒரு வில்லங்கம் இருக்கு, 10 மைக்ரோன்னு எழுதின குட்டி சைஸ் கெபாசிட்டர்ல வோல்டேஜ் ஏறினா கொள்ளளவு பாதிக்கும் கீழ கூட போகலாம், ஒரு சைஸ் பெருசா வாங்கிப் போடறது நல்லது.

அடுத்தது புல்-அப். ஐ2சி 400 கிலோ ஹெர்ட்ஸ்ல ஓடினா லைன் மேல ஏற 300 நானோ செகண்ட் தான் அனுமதி. ஏற எடுக்கற நேரம் தோராயமா 0.85 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் லைன் கெபாசிட்டன்ஸ். கேபிளோட சேர்த்து 100 பிகோ ஃபாராட்னு வச்சா 4.7 கிலோ ஓம்முக்கு 400 நானோ செகண்ட் வருது, தாண்டிருச்சு. 2.2 கிலோவுக்கு 187, சரி. அப்ப இன்னும் குறைச்சா இன்னும் நல்லதான்னா இல்லை, சிப் 3 மில்லி ஆம்ப் தான் கீழ இழுக்கும்னு கணக்கு, 3.3 வோல்ட்டுக்கு 1 கிலோவுக்கு கீழ போகக் கூடாது. ஜிபிஎஸ் மாட்யூல், காம்பஸ், உங்க போர்டுன்னு மூணுலயும் தனித்தனியா 2.2 கிலோ இருந்தா சேர்ந்து 733 ஓம் ஆயிடும், ரெண்டுல இருக்கறதை எடுத்துடுங்க.

அப்புறம் வயரிங். எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் ஒண்ணோட ஒண்ணு முறுக்காதீங்க, ஒண்ணோட துடிப்பு இன்னொண்ணுல ஏறும். எஸ்டிஏயோட ஒரு கிரவுண்ட், எஸ்சிஎல்லோட ஒரு கிரவுண்ட்னு முறுக்குங்க. மோட்டாருக்குப் போற மூணு வயருக்கு பக்கத்துல இதைக் கொண்டு போகவே கூடாது. ஐ2சிங்கறது ஒரே போர்டுக்குள்ள பேச உண்டாக்கினது, அரை மீட்டர் கேபிள்ல ஓடலைன்னு திட்டினா அது மேல தப்பில்லை.

உறைஞ்ச பிறகு எஸ்டிஏ கீழயே நிக்குதா பாருங்க. நடு டேட்டால ஒரு க்ளாக் தவறிப்போச்சுன்னா சென்சார் அடுத்த க்ளாக்குக்காக லைனைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். எஸ்சிஎல்ல கையால 9 க்ளாக் அடிச்சு, ஒரு ஸ்டாப் கொடுத்தா விட்டுடும். இதை டிரைவர்லயே எழுதி வைங்க, ஆனா காரணத்தை சரி பண்ணாம இதை மட்டும் வச்சுக்கிட்டு பறக்காதீங்க. அடுத்த போர்டு வரையும்போது ஜைரோவை எஸ்பிஐக்கு மாத்திடுங்க, எம்பியு-6000ல அந்த வசதி இருக்கு, இந்தத் தலைவலில பாதி போயிடும்.

சூடானதும் ஜைரோ நகருது, ஹாரிசான் சாயுது

கொஞ்சம் நகர்றது இயற்கை. எம்பியு-6050 டேட்டாஷீட்டே முழு வெப்பநிலை வரம்புல விநாடிக்கு 20 டிகிரி வரைக்கும் ஆஃப்செட் மாறலாம்னு சொல்லுது. அதனால பேட்டரி மாட்டி ரெண்டு மூணு நிமிஷம் விட்டுட்டு அப்புறம் ஜைரோ கேலிபரேஷன் பண்ணுங்க. அதுக்கப்புறமும் ஒரே பக்கமா நகர்ந்துக்கிட்டே இருந்தா போர்டை லேசா விரலால வளைச்சுப் பாருங்க. ரீடிங் மாறுதா? அப்ப அழுத்தம் தான் காரணம். நாலு ஸ்க்ரூவையும் இறுக்கி முறுக்கினா போர்டு வளையும், வளைஞ்ச போர்டு சிப்பை இழுக்கும், மூணு ஸ்க்ரூவோட நிறுத்துங்க, அல்லது ரப்பர் வாஷர் போடுங்க.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. எம்பியு-6050 அடியில இருக்கற பெரிய பேடை சால்டர் பண்ணவே கூடாதுன்னு டேட்டாஷீட்ல இருக்கு. மத்த க்யூஎஃப்என் சிப்ல எல்லாம் நடு பேடை கிரவுண்டுல ஒட்டணும்னு பழகிட்டோம், இதுல அது எதுக்கும் இணைஞ்சதில்லை, ஒட்டினா வெப்பத்துல விரிஞ்சு சுருங்கி சிப்பை முறுக்கும். சிப்புக்கு அடியில அதே லேயர்ல டிராக்கோ வியாவோ (லேயர்களை இணைக்கற துளை) ஓட்டாதீங்கன்னும் சொல்லியிருக்காங்க. ரெகுலேட்டரை ஜைரோவுக்கு ஒட்டி வச்சிருந்தா தூக்கி எதிர் மூலைக்கு மாத்துங்க.

போர்டைக் கழுவறப்போ அல்ட்ராசானிக் தொட்டில போடாதீங்க. ஜைரோ உள்ள இருக்கற பகுதி 30 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்துல தான் அதிருது, தொட்டியும் கிட்டத்தட்ட அந்த மாதிரி அலைவரிசை தான், உள்ளயே உடைஞ்சிடும்.

ஹோவர் பண்ணா தானா மேல ஏறுது, இல்ல நடுங்குது

அதிர்வு. 6000 ஆர்பிஎம்ல சுத்தற ரெண்டு இலை ப்ரொப்பல்லர் சமநிலை சரியில்லாம 100 ஹெர்ட்ஸும், இலை கடந்து போறதால 200 ஹெர்ட்ஸும் கொடுக்கும். நீங்க விநாடிக்கு 250 தடவை தான் படிக்கறீங்கன்னா அந்த 200 ஹெர்ட்ஸ் 50 ஹெர்ட்ஸா வேஷம் போட்டு வந்து நிக்கும், அப்புறம் எந்த ஃபில்டராலயும் அதை நிஜ அசைவுல இருந்து பிரிக்க முடியாது. வேகமா படிங்க, சிப் உள்ள இருக்கற லோ-பாஸ் ஃபில்டரை 42 அல்லது 98 ஹெர்ட்ஸ்ல வைங்க. ஆக்சிலை 2 ஜி ரேஞ்சுல வச்சிருந்தா அதிர்வோட உச்சி வெட்டுப்பட்டு சராசரி தப்பாகும், அதனால தான் தானா ஏறுது, 8 ஜி அல்லது 16 ஜி போடுங்க. ஆர்டுபைலட் ஃபர்ம்வேரோட லாக்ல அதிர்வு 30க்கு கீழ இருந்தா பரவாயில்லை, 60 தாண்டினா பறக்காதீங்க.

ஃபோம் மேல ஒட்டறது உதவும், ஆனா கனமான கேபிள் ஒண்ணு போர்டை ஃப்ரேமோட கட்டிப் போட்டிருந்தா ஃபோம் வச்சும் பிரயோஜனம் இல்லை. மெல்லிசா சிலிக்கான் வயர் போட்டு கொஞ்சம் தளர்வா விடுங்க.

உயரம் தாவுது

கடல் மட்டத்துக்கு பக்கத்துல ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 பாஸ்கல் தான் வித்தியாசம். அதனால ப்ரொப்பல்லர் காத்து, கேபின் உள்ள அழுத்தம், எல்லாமே மீட்டர் கணக்குல தெரியும். பாரோ மேல காத்து போற மாதிரி ஸ்பாஞ்ச் துண்டு ஒண்ணு வச்சு மூடுங்க. அடைச்சு மூடின கேஸ்ல வச்சா வேகமா போகும்போது உயரம் மாறின மாதிரி காட்டும். எம்எஸ்5611க்கு வெளிச்சமும் ஆகாது, ஓட்டை வழியா வெயில் பட்டா ரீடிங் குதிக்கும், டார்ச் அடிச்சுப் பார்த்தாலே தெரிஞ்சிடும், கறுப்பு ஸ்பாஞ்ச் போட்டா ரெண்டு பிரச்சினையும் தீரும். ஃப்ளக்ஸ் கழுவும்போது அந்த ஓட்டையை கேப்டான் டேப்பால மூடிக்குங்க.

வட்டம் போடுது, த்ராட்டில் ஏத்தினா திசை மாறுது

கணக்கு போட்டாலே புரியும். 20 ஆம்ப் போற ஒத்தை வயர்ல இருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி காந்தப் புலம் 80 மைக்ரோ டெஸ்லா. பூமியோட புலமே 25ல இருந்து 65 தான். அப்ப பேட்டரி வயர் பக்கத்துல வச்ச காம்பஸ் வடக்கைக் காட்டணும்னு எதிர்பார்க்கறது நியாயமே இல்லை. ப்ளஸ், மைனஸ் வயரை ஒண்ணா முறுக்குங்க, பெரும்பகுதி அடிபட்டுப் போயிடும். அதுக்கு மேல நல்ல வழி காம்பஸை தனி குட்டி போர்டுல போட்டு ஜிபிஎஸ்ஸோட கம்பத்து மேல தூக்கி வைக்கறது தான். ஒரே போர்டுல எல்லாத்தையும் அடக்கணும்ங்கற ஆசை புரியுது, ஆனா காம்பஸ் விஷயத்துல அது வேண்டாம்.

சோதிக்கறப்போ ப்ரொப்பல்லர் இல்லாம மோட்டாரை சுத்தினா பெருசா கரன்ட் போகாது, ஒண்ணும் தெரியாது. ப்ரொப்பல்லரைக் கவுத்து, ஃப்ரேமோட ஒரு கை (ஆர்ம்) தள்ளி மாட்டினா காப்டர் தரையை நோக்கி அழுத்தும், அதோட நல்லா கட்டியும் வச்சு, தள்ளி நின்னு த்ராட்டில் ஏத்திப் பாருங்க. த்ராட்டிலே இல்லாம நிலையா ஒரு ஆஃப்செட் இருந்தா அது இரும்பு ஸ்க்ரூ, இல்ல பக்கத்துல இருக்கற இண்டக்டர். நைலான் ஸ்க்ரூ போட்டு, முழுசா அசெம்பிள் பண்ண பிறகு கேலிபரேட் பண்ணுங்க.

முன்னாடி சாய்ச்சா பின்னாடின்னு காட்டுது

சிப்பை அடிப்பக்கம் போட்டிருந்தா ரெண்டு அச்சு திரும்பும், ஒண்ணு மட்டும் இல்லை. ஒரு அச்சோட குறியை மட்டும் மாத்தி ஒப்பேத்தினா ஜைரோவும் ஆக்சிலும் ஒண்ணுக்கொண்ணு முரண்படும். ஃபர்ம்வேர்ல இருக்கற போர்டு ரொட்டேஷன் செட்டிங்கை மட்டும் பயன்படுத்துங்க.

விரலால அழுத்தினா ஓடுது, விட்டா நிக்குது

சால்டர் ஒட்டல. இங்க தான் ஹாட் ஏருக்கு வேலை, கூடவே ஃப்ளக்ஸ் தாராளமா. கீழ விழுந்த பிறகு மட்டும் இது ஆரம்பிச்சதுன்னா சிப்பைத் தொடாதீங்க, போர்டு விளிம்புலயும் ஸ்க்ரூ ஓட்டை பக்கத்துலயும் இருக்கற செராமிக் கெபாசிட்டரை முதல்ல பாருங்க, வளைஞ்சதுல விரிசல் விட்டிருக்கும், வெளிய பார்த்தா தெரியாது, ஒண்ணு ஓபன் ஆகும் இல்ல ஷார்ட் ஆகும். சந்தேகம் இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு புதுசு போடுங்க. அடுத்த வடிவத்துல அவற்றை விளிம்புக்கு இணையா, ஓட்டைல இருந்து அஞ்சு மில்லிமீட்டராவது தள்ளி வைங்க, 3.3, கிரவுண்ட், எஸ்டிஏ, எஸ்சிஎல் நாலுக்கும் ப்ரோப் வைக்கற மாதிரி ஒரு டெஸ்ட் பேடும் விட்டுடுங்க.